அப்பாவுக்கு நீ மொழிபெயர்க்க வேண்டாம்

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். "கலியாணம் முடியுமட்டும் பொறுங்கோ அம்மா, அதுக்குப் பிறகு அப்பாவை எங்க வேணுமெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாய். நான் மறுமொழி சொல்ல வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் சத்தம் இல்லை. நல்லகாலம். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு தாய் மகனிடம் சொல்லக்கூடாத எதையாவது சொல்லியிருப்பேன். என் கோபம் உனக்குத் தெரியும். உன் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது மூச்சு விடக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. நீ அங்கே வால்டோர்ஃபில் வேலைக்கு நடுவில் இதை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, "அம்மா திரும்பத் தொடங்கிட்டா" என்று மூடி வைக்காதே. கடைசிவரை வாசி. புதன்கிழமைக்கு முன் வாசி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றிவளைத்தேன் என்று குறை சொல்லாதே. புதன்கிழமை காலை இங்கே ஆஹெனில் அப்பாவுக்கு மனநல மருத்துவரைப் பார்க்க டெர்மின் கிடைத்திருக்கிறது. பொறுக்க ஏலாதென்றால் நீயே லீவு எடுத்துக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கப் போவதாகச் சொல்கிறாய். வேண்டாம். வுப்பெர்டாலில் இருந்து ஒரு பெண் வருகிறார், அவர்தான் மொழிபெயர்ப்பார். வுப்பெர்டால்தான் நீ கட்டப்போகிற ஷரோனின் ஊர் என்பதும், ஷரோனின் அம்மா பாடும் அதே பாடகர் குழுவில்தான் இந்தப் பெண்ணும் பாடுகிறார் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ அன்றைக்குக் கத்தியதும் அதனால்தான். "ஜேர்மனியில எத்தனை ஊர் கிடக்கு, எல்லாத்தையும் விட்டிட்டு அங்கயிருந்தோ ஆள் பிடிச்சனீங்கள்?" என்றாய். நான் பிடிக்கவில்லை, மகனே. அந்த நாளுக்கு வேறு ஒருவரும் இல்லை. இன்னொருவர் கிடைக்கும்வரை தள்ளிப்போட்டால் அடுத்த டெர்மின் எந்த மாதம் வரும் என்று கிளினிக்கில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பாவால் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

போனில் உனக்கு நான் "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் இருக்கு" என்றுதான் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. தவக்காலத்திலிருந்தே அவர் கோயிலுக்குள் வருவதில்லை. என்னைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். பூசை முடிந்து வந்தால் விட்டுப்போன அதே இடத்தில், ரேடியோகூடப் போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருப்பார். பாட்டென்றால் உயிரை விடுகிற மனிதன் வீட்டில் ஒரு வரி முணுமுணுத்து எவ்வளவோ நாள். போன கிழமை ஒரு பின்னேரம் நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "எனக்கு இனி இருக்க விருப்பமில்லை" என்றார். இன்றைக்கு பஸ் ஓடாதாம் என்று சொல்வது போலச் சொன்னார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசர்க் கதை கதையாதேங்கோ" என்றேன். இரண்டு வருடமாகக் கோயில் மூலம் மனம் சரியில்லாதவர்களுக்கு டொக்டரிடம் மொழிபெயர்க்கிறவள், மற்றவர்களுக்கு இப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவள், என் சொந்தப் புருஷன் வாயைத் திறந்ததும் எங்கள் ஊரார் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். அவர் எழும்பிப் போகப் பார்த்தார். நான் கத்தியை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து இருத்தினேன். நேராகக் கேட்கவேண்டும், கேட்பதால் ஒருவருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கேட்டேன். "சாகிறதைப் பற்றி யோசிக்கிறியளோ?" என்றேன். "ஓம்" என்றார்.

உடனே என்னோடு வேலை செய்யும் மார்த்தாவுக்குப் போன் பண்ணினேன். மார்த்தா வேலை உடுப்போடேயே காரை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேருமாகக் கிளினிக்கின் அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே வேறு வழியில்லாமல் நான்தான் மொழிபெயர்த்தேன், குடும்பத்து ஆட்கள் செய்யக்கூடாது என்று தெரிந்துகொண்டே. அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதியை விழுங்கினார். அது டொக்டருக்கும் விளங்கியது. எங்களை வீட்டுக்கு விட முன்னர், ஆளைத் தனியே விடவேண்டாம், கொஞ்சம் கூடினாலும் உடனே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, ஒரு தனி மொழிபெயர்ப்பாளரோடு வரும்படி இந்தப் புதன்கிழமையைத் தந்தார். அன்றிலிருந்து அப்பா தனியே இல்லை. எனக்கு வேலை என்றால் மார்த்தா வருவாள், அவளுக்கு ஏலாவிட்டால் எங்கள் தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமி வருவார். சுவாமி வந்து அப்பாவோடு காட்ஸ் விளையாடுகிறார். தான் தோற்றால் அப்பா கள்ளம் விடுகிறார் என்று சண்டையும் பிடிக்கிறார். ஒரு நாள் அப்பா சிரித்தாராம். நான் அப்போது வேலையில் நின்றேன், பார்க்கக் கிடைக்கவில்லை.

மார்த்தாவை உனக்குச் சரியாகத் தெரியாது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவள் தாதி, கொலம்பியாக்காரி. எங்கள் தமிழ்ப் பூசைக்கு முன் அதே கோயிலில் ஸ்பானிய மொழிப் பூசை நடக்குமே, அந்தச் சபையின் ஆள். அவர்கள் கிற்றார் அடித்துப் பாடி முடிக்கும்வரை நாங்கள் குளிருக்குள் வாசலில் நின்று புறுபுறுப்போம். ஒரு நாள் நான் நேரத்துக்கே போய்விட்டேன். அவர்களுடைய பூசை முடிந்து சனம் கோப்பி குடிக்கப் பக்கத்து அறைக்குள் போவதைப் பார்த்தேன். அந்த அறைக்குள் இன்னொரு சின்ன அறை. அங்கே அவர்கள் மொழி தெரிந்த ஒரு மனநல ஆலோசகர் இருப்பார், விரும்பியவர்கள் போய்க் கதைக்கலாம், தேவையென்றால் டொக்டரிடம் டெர்மின் எடுத்து, கூடவே மொழிபெயர்க்க ஆளும் அனுப்புவார்கள் என்று மார்த்தா சொன்னாள். முதலில் அந்த அறைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தொங்கவிட்டார்களாம். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பலகையைக் கழற்றிவிட்டுக் கோப்பியைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். உள்ளே போகிறவர் கோப்பிக்குப் போகிறாரா, கதைக்கப் போகிறாரா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. "உங்கட சனமும் இப்பிடியோ?" என்று கேட்டேன். மார்த்தா சிரித்தாள். காய்ச்சல் என்றால் ஊரையே கூப்பிடுவார்களாம், மனம் சரியில்லை என்றால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வார்களாம். எனக்குப் பூசைக்கு வருகிற எங்கள் சனம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

சுவாமியிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, எங்கட சனம் செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கே வரக் கள்ளம், இதுக்கு வருங்களோ?" என்றார். ஆனாலும் எங்கள் அடுத்த பூசையின் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். "நான் உங்களுக்காகச் செபிப்பன், உங்களோட இருப்பன். மருந்து எழுத எனக்குத் தெரியாது. அது தெரிஞ்ச ஆளிட்ட உங்களைக் கூட்டிக்கொண்டு போறதும் என்ர வேலைதான்" என்றார். பூசை முடிந்து, கோயில் காரியம் பார்க்கிற பங்குச் சபை கூடியபோது அதில் இருக்கிற யோசேப்பு அண்ணை பிடித்துக்கொண்டார். "சுவாமி, செபம் காணாதெண்டு நீங்களே சொன்னா நாங்கள் எங்க போறது? எங்கட சனத்துக்கு விசரெண்டு ஜேர்மன்காரனுக்கு எழுதிக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் யோசேப்பு அண்ணையைச் சும்மா திட்டவும் ஏலாது. பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிறபோது, அந்தக் குடும்பத்தில் யாருக்காவது மண்டைப் பிழை இருந்ததா என்று கேட்டு மூன்று தலைமுறையைக் கிளறுகிற சனம் நாங்கள்தானே. அவர் பயப்பட்டது அதற்குத்தான். நீ இப்போது பயப்படுவதும் அதற்குத்தான், இல்லையா?

நாங்களும் மார்த்தா செய்த மாதிரியே தொடங்கினோம். கோப்பிக்குப் பதிலாகத் தேத்தண்ணீரும் பற்றிஸும் ரோல்ஸும் வைத்தோம். ஆனால் மார்த்தாவின் சனத்திடம் இல்லாத ஒரு கெட்டித்தனம் எங்களிடம் இருக்கிறது. யார் எவ்வளவு நேரம் உள்ளே நின்றார், யார் கண் சிவந்து வெளியே வந்தார், யார் இரண்டாம் முறை தேத்தண்ணீருக்குப் போனார் என்று எங்கள் பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஒருவரும் இரண்டாவது தேத்தண்ணீர் எடுப்பதில்லை. பற்றிஸ் எல்லாம் மிஞ்சி நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அப்பாதான் சாப்பிட்டார். மொழிபெயர்க்க ஆள் போடலாம் என்றாலும் இதே கரைச்சல். இங்குள்ள ஆள் வந்து பக்கத்தில் இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள், அல்லது போகவே மாட்டார்கள். கடைசியில் சுவாமிதான் வழி கண்டுபிடித்தார். அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு ஊராகப் பூசை வைத்துத் திரிகிறவர். ஒரு ஊராளுக்கு இன்னொரு ஊராள் மொழிபெயர்ப்பது என்று வைத்தார். நான் இங்கே ஒருவருக்கும் மொழிபெயர்ப்பதில்லை. ரயில் ஏறி வேறு ஊர்களுக்குப் போகிறேன். எந்த ஊர், யார் என்று உனக்கும் சொல்லமாட்டேன், அப்பாவுக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் சனம் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. யோசேப்பு அண்ணை இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்.

இந்த வேலைக்கு எங்களைப் பழக்கியவர் ஒரு ஜேர்மன் உளவியலாளர். நாங்கள் பெரிய கெட்டிக்காரர் என்ற நினைப்போடு போனோம். சொன்னதைச் சொல்லவேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, நடுவில் புகுந்து ஆறுதல் சொல்லக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். முதல் நாள் பயிற்சியில் ஒருவர் நோயாளியாக நடித்து, "பிள்ளைகளைப் பாக்கவே எனக்கு எரிச்சலாக் கிடக்கு" என்று சொல்ல, நான் ஜேர்மனில், "பிள்ளைகளோடு இருக்கும்போது சில வேளை களைத்துப்போகிறா" என்று மாற்றிவிட்டேன். மாற்றியது எனக்கே தெரியாது. அந்த உளவியலாளர் என்னைப் பார்த்து, "அவர் என்ன சொல்லியிருந்தால் நல்லது என்று நீங்கள் விரும்பினீர்களோ அதைச் சொன்னீர்கள்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தாயைப் பற்றி அப்படியொரு வசனத்தை வேற்றாள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளர்ந்த பெண் எனக்கே அந்தப் பாடு.

பிறகு ஒரு ஊரில் ஒரு பெண்ணுக்காகப் போனேன். எனக்கு முன்னால் அவருக்கு மொழிபெயர்த்தது அவருடைய மகள், பள்ளிக்கூடப் பிள்ளை. மகள் மொழிபெயர்த்த காலம் முழுவதும் தாய்க்குத் தலையிடி என்றுதான் எழுதப்பட்டிருந்தது. அன்றைக்கு அந்தத் தாய் கதைக்கத் தொடங்கினார், நான் ஒன்றும் விடாமல் சொன்னேன், டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். இதற்கு மேல் சொல்லமாட்டேன். டொக்டர் எனக்குச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு மொழி தெரியாமல் இல்லை, சொல்ல முடியாததை விட்டுவிடுகிறார்கள் என்றார். திரும்பி வரும்போது ரயிலில் இருந்தேன். வெளியே பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு உன் குரல் கேட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் குரல்.

உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று சொல்லாதே. அப்பாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை, சாப்பாடு இல்லை, சட்டை எல்லாம் தொளதொளத்துப் போயிருந்தது. எங்கள் குடும்ப டொக்டரிடம் போனோம். எனக்கு அந்த நாளில் காய்கறி வாங்குகிற ஜேர்மன்தான் தெரியும். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார், நீ தமிழில் கேட்டாய். அப்பா கதைத்தார். இராணுவ முகாமில் அவரை வைத்திருந்த காலத்தைப் பற்றி அதற்கு முன் அவர் என்னிடம்கூட அப்படிக் கதைத்ததில்லை. கதைத்துக் கதைத்துக் கடைசியில், "எனக்கு இருக்க விருப்பமில்லை, அதை டொக்டருக்குச் சொல்லு தம்பி" என்றார். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். பிறகு டொக்டரைப் பார்த்து, "எர் ஷ்லேஃப்ட் ஷ்லெஹ்ட்" என்றாய். அவ்வளவுதான். அப்பா அவ்வளவு நேரம் கதைத்ததற்கு நீ இவ்வளவு குறுகச் சொல்கிறாயே, ஜேர்மன் பாஷை இவ்வளவு சுருக்கமா என்று நான் ஆச்சரியப்பட்டேன். அதனால்தான் அந்தச் சத்தம் அப்படியே மனதில் நின்றது. ரயிலில்தான் அதை ஒரு வசனமாகக் கேட்டேன். அவருக்கு நித்திரை சரியில்லை. டொக்டர் நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தார், நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

என்னைத் தப்பாக விளங்காதே. நீ பொய் சொன்னாய் என்று சொல்ல இதை எழுதவில்லை. தகப்பன் சாக விரும்புகிறார் என்ற வசனத்தைத் தன் வாயால் சொல்லும்படி உன்னை அந்தக் கதிரையில் இருத்தியவர்கள் நாங்கள். நாங்கள் மட்டும் இல்லை, எங்கள் சனம் முழுவதும் அப்படித்தான் செய்தது. விசா அலுவலகமா, க்ராங்கன்காஸ என்கிற மருத்துவக் காப்புறுதியில் இருந்து வந்த கடிதமா, டொக்டரா, எல்லாவற்றுக்கும் பிள்ளைதான். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. கோயில் வாசலில் நின்று, "என்ர மகன் டொக்டரோட ஜேர்மன்காரன் மாதிரிக் கதைப்பான்" என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்தக் காலத்தில் நீ பள்ளிக்கூடம் போக முன்னர், தினமும் எங்கள் அறைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாய். அப்பா இரவு வேலை முடிந்து படுத்திருப்பார். "என்னடா வேணும்?" என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பாய். கைச்செலவுக்குக் காசு கேட்க வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன், ராசா. மூச்சு விடுகிறாரா என்று பார்க்கத்தான் நீ வந்தாய் என்று ரயிலில்தான் எனக்கு விளங்கியது. அப்படியே அழுதுகொண்டு வந்தேன். வந்தும் உன்னிடம் கேட்கத் துணிவில்லாமல் இவ்வளவு காலம் இருந்துவிட்டேன்.

இப்போது ஷரோன் கதைக்கு வருகிறேன். மொழிபெயர்க்க வருகிற பெண் வுப்பெர்டாலில் போய்ச் சொல்லிவிடுவாள், எல்லா நாட்டுத் தமிழரும் கூடுகிற கெவலார் மாதா யாத்திரைக்கு அது போய்ச் சேர்ந்தால் ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிடும் என்று சொன்னாய். வெளியே சொல்லமாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றேன். "கையெழுத்துப் போட்டா வாய் மூடுமோ அம்மா?" என்று கேட்டாய். நானும் அதே கையெழுத்துத்தான் போட்டிருக்கிறேன். எத்தனை ஊர், எத்தனை குடும்பம். உன்னிடம் ஒரு பெயர் சொல்லியிருப்பேனா? அரைப் பெயர்? என் வாய் எவ்வளவு பெரிய வாய் என்று உனக்குத் தெரியும். அந்த வாயே மூடியிருக்கிறது என்றால் அவருடைய வாயும் மூடியிருக்கும் என்று நம்பு. நம்ப ஏலாவிட்டால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. புதன்கிழமைக்கு முன் ஷரோனுக்கு நீயே சொல்லு. "என்ர அப்பாவுக்கு வருத்தம், வைத்தியம் செய்யப் போறம்" என்று உன் வாயால் சொல்லு. நீ சொல்லிவிட்ட பிறகு மற்றவர்கள் சொல்ல என்ன மிச்சம் இருக்கப் போகிறது? அவள் நல்ல பிள்ளை என்று நினைக்கிறேன். அவளுடைய வீட்டார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது, எல்லாம் சரிவரும் என்று உனக்குச் சும்மா சத்தியம் பண்ணமாட்டேன். அவர்கள் பின்வாங்கினால் நான் உன்னைக் கட்டிப் பிடித்து அழுவேன். ஆனால் புதன்கிழமையை மாற்றமாட்டேன். தகப்பனின் வருத்தத்தை ஒளித்துவைத்துத்தான் ஒரு வீட்டுக்குள் போகவேண்டும் என்றால், பிறகு வாழ்நாள் முழுக்க நீ அங்கேயும் கதவடியில் நிற்கவேண்டி வரும். உனக்கு அது போதும்.

இதையெல்லாம் நானாக முடிவெடுக்கவில்லை. நீ போனை வைத்த பிறகு அப்பாவிடம் போனேன். சண்டை ஒன்றையும் சொல்லவில்லை. "தம்பி லீவு எடுத்துக்கொண்டு வாறானாம், தானே மொழிபெயர்க்கிறானாம்" என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போனது. "அவன் வந்தா நான் கதைக்கமாட்டன்" என்றார். ஏன் என்றேன். அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

"அண்டைக்கு அவன் டொக்டருக்கு மாத்திச் சொன்னது எனக்குத் தெரியும். ஷ்லாஃபன் எண்டா நித்திரையெண்டு இரவு வேலை செய்யிறவனுக்குத் தெரியாதோ? முதல்ல கோவம் வந்தது. பிறகு பாத்தன், அவன்ர கால் ரெண்டும் மேசைக்குக் கீழ நடுங்கிக்கொண்டு கிடந்தது. பிள்ளையிட்டக் குடுக்கக் கூடாததை நான் குடுத்திட்டன் எண்டு விளங்கிச்சுது. அண்டைக்கு முடிவெடுத்தன், இனி ஆரிட்டையும் சொல்லுறேல்ல எண்டு. ஒரு டொக்டரிட்டச் சொன்னாலும் அவனைத்தானே கூட்டிக்கொண்டு போகவேணும்."

விளங்குகிறதா ராசா? எனக்கும் நீ போனை வைத்த அன்றுதான் விளங்கியது. இவ்வளவு வருடமும் அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் ஜேர்மன் தெரியாததும் இல்லை, வீம்பும் இல்லை. நீ. உனக்கு நோகக்கூடாது என்று அவர் விழுங்கினார், அவர் போய்விடக்கூடாது என்று நீ விழுங்கினாய். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். வுப்பெர்டால் பெண் வருகிறார் என்றதும் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ எனக்கு ஆருமில்லைத்தானே?" என்று கேட்டார். ஓம், ஆருமில்லை என்றேன். "அப்ப சொல்லுவன்" என்றார்.

அதனால் நீ லீவை எடு. செவ்வாய்க்கிழமையே வா, வந்து சாப்பிடு, அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்டு அவரைக் கரைச்சல் படுத்தாதே. புதன்கிழமை நீயே காரை ஓட்டு. மருத்துவரின் அறை வாசல்வரைக்கும் எங்களோடு வா. அந்தப் பெண்ணைக் கண்டால் வணக்கம் சொல்லு, முகத்தை நீட்டிக்கொண்டு நிற்காதே. அவரும் அப்பாவும் உள்ளே போவார்கள், கதவைச் சாத்துவார்கள். நீயும் நானும் வெளியே இருப்போம். உள்ளே அவர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாது. எனக்கு நல்ல பயமாக இருக்கிறது, மகனே. என் பக்கத்தில் இரு.

அம்மா